வெட்டுத்துணியும் வேலவனும்



மதுரை புதுமண்டபத்துத் தையல் கடைகள் இப்போ குன்னத்தூர் சத்திரத்துல இருக்கு. சாமி வஸ்திரம், அழகர் திருவிழா உடுப்பு தைச்சு மிஞ்சுற வெட்டுத்துணியை எங்க தெருப் பாட்டி பை நிறைய வாங்கிட்டு வருவாங்க. பழைய சுங்குடிச் சேலையை அடியில விரிச்சு, மேல ஒட்டுப்போட்டுத் தொட்டில் விரிப்பு தைப்பாங்க. உள்ளங்கை அளவு துணியைக்கூட வீசமாட்டாங்க. துண்டு சிறுசா பெருசான்னு பார்க்கமாட்டாங்க, நூல் நிக்குமான்னுதான் பார்ப்பாங்க.

நம்ம அப்பன் முருகனும் அப்படித்தான். சரவணப் பொய்கையில 6 குழந்தைகளா இருந்தவனை அம்பாள் சேர்த்து அணைச்சதும் 6 முகம், 12 கையோட ஒரே திருமேனி ஆச்சு. அதனாலதான் கந்தன்னு பேர், ஒன்றாய்ச் சேர்ந்தவன்னு பெரியவங்க பொருள் சொல்றாங்க. சூரபத்மனை வேல் ரெண்டாப் பிளந்தப்போ அந்தத் துண்டுகளையும் அவன் வீசல. ஒண்ணு மயிலாச்சு, இன்னொண்ணு சேவலாச்சு. எதிரியையே வீணாக்காதவன் பக்தனை வீணாக்குவானா?

ஐடி வேலையில எனக்கும் கிடைக்கிறது துண்டு துண்டான நேரம்தான். கம்பெனி பஸ்ல 10 நிமிஷம், ராத்திரி ஷிஃப்ட் நடுவுல 5 நிமிஷம். அதுல 'சரவணபவ' சொல்றேன். அந்த 6 எழுத்துதான் நூல்.

சஷ்டி 6 நாளும் விரதம் இருக்க முடியலையேன்னு கலங்குறவங்க, இன்னும் வேலை கிடைக்கலையே, வாழ்க்கையே கந்தலாயிடுச்சேன்னு ராத்திரி தூங்காம இருக்கிற தம்பி தங்கைகள், எல்லாருக்கும் சொல்றேன். முழுசாகட்டும்னு காத்திருக்காதீங்க. ஒருநாள் விரதமோ, ஒரு நிமிஷ ஜபமோ, ஒரு சொட்டுக் கண்ணீரோ, இருக்கிறதைத் திருப்பரங்குன்றத்தான் காலடியில வைங்க. சேர்த்துத் தைக்கிறது அவன் பொறுப்பு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!