பௌருஷம்: சொல்லும் பொருளும்

ஸத்ஸங்கம் முடிந்து அன்பர்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த வேளை. ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஸ்வாமிஜி, இவன் பரீட்சையில் தவறிவிட்டான். மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறான். ஆண்பிள்ளை இப்படி அழலாமா? 'உனக்கு ஆண்மையே இல்லையா?' என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு என்னோடு பேசுவதே இல்லை. நீங்கள்தான் இவனுக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டும்" என்றார். பையன் தலைகுனிந்து நின்றான்.

பரீட்சையில் தவறியதைவிடத் தந்தையின் அந்த ஒரு சொல்லே அவனை அதிகமாகத் தைத்திருந்தது. எத்தனை எளிதாக நாம் அந்தச் சொல்லை வீசிவிடுகிறோம்! கண்ணீர் விடாதிருப்பது, உரத்த குரலில் பேசுவது, வீட்டில் உள்ளவர்களை அச்சுறுத்தி அடக்கி வைப்பது ஆகியவையே ஆண்மை என்று எண்ணிக்கொள்கிறோம். நம் சாஸ்திரங்கள் இதற்கு வழங்கும் சொல் 'பௌருஷம்'. ஹிந்தி, வங்காளி, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் இச்சொல் இன்றும் வழங்கி வருகிறது. அதன் பொருளை அறிந்தால் நம் எண்ணம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

புருஷன் யார்?

சிவனைச் சார்ந்தது சைவம். குருவின் வம்சத்தில் வந்தவர்கள் கௌரவர்கள். அவ்வாறே புருஷனைச் சார்ந்தது பௌருஷம். புருஷனுடைய தன்மை, புருஷனுடைய ஆற்றல், புருஷனுடைய முயற்சி என்றெல்லாம் அது பொருள்படும். ஆகவே, புருஷன் யார் என்பதை அறியாமல் பௌருஷத்தை அறிய முடியாது.

பேச்சு வழக்கில் புருஷன் என்றால் கணவன். ஆனால் வேதச் சொற்களின் பொருளை ஆராயும் 'நிருக்தம்' என்னும் நூலை இயற்றிய யாஸ்கர் வேறு விளக்கம் தருகிறார். புரம் என்றால் நகரம். உடலாகிய நகரத்தில் அமர்ந்திருப்பவன், அதில் பள்ளிகொண்டிருப்பவன், உள்ளே நிறைந்திருப்பவன் ஆகையால் அவன் புருஷன். பிருஹதாரண்யக உபநிஷதமும் எல்லா உடல்களிலும் உறைபவன் என்று கூறுகிறது. அதே உபநிஷதம் மற்றோர் இடத்தில், எல்லாவற்றிற்கும் முன்பாகப் பாவங்களை எரித்துவிட்டவன் என்றும் பொருள் உரைக்கிறது.

இந்த விளக்கங்களில் எதிலாவது ஆணின் உடல் பேசப்படுகிறதா? இல்லை. உள்ளே உறையும் ஆத்மா ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல, இரண்டும் அல்லாததும் அல்ல என்று சுவேதாசுவதர உபநிஷதம் தெளிவாகவே உரைக்கிறது. அப்படியானால் பௌருஷமும் ஆண்களின் தனிச்சொத்து ஆகாது.

ஜனகரின் சபையில் கார்கி எழுந்து நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். வில்லில் நாணேற்றி, இரண்டு அம்புகளைக் கையில் ஏந்தி எதிரியின் முன் நிற்கும் வீரனைப்போல, இரண்டு கேள்விகளுடன் தான் நிற்பதாக அவள் யாக்ஞவல்கியரிடம் கூறினாள். தக்க விடை கிடைத்ததும், இவரை வெல்ல உங்களில் எவராலும் இயலாது என்று சபைக்கு அறிவித்தாள். துணிந்து கேட்டதும் பௌருஷம். உண்மையைக் கண்டதும் தயங்காமல் வணங்கியதும் பௌருஷம்.

பிருஹன்னளையும் பார்த்தனும்

பௌருஷம் வெளித்தோற்றத்தில் இல்லை என்பதை மகாபாரதம் அழகாகக் காட்டுகிறது. அஞ்ஞாதவாசத்தின்போது அர்ஜுனன் விராட நகரில் பிருஹன்னளை என்ற பெயரில், பின்னிய கூந்தலும் வளையலுமாக, இளவரசிக்கு நாட்டியம் கற்பித்து வந்தான். கௌரவர்கள் பசுக்கூட்டங்களைக் கவர்ந்தபோது, இளவரசன் உத்தரன் அந்தப்புரப் பெண்களிடையே வீரம் பேசினான். ஆனால் கடல்போன்ற சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடினான். நீண்ட பின்னல் அசைய பிருஹன்னளை பின்னால் ஓடிப் பிடித்ததைக் கண்டு கௌரவ வீரர்கள் சிரித்தார்கள்.

பிடித்த பின் அர்ஜுனன் என்ன செய்தான்? 'நீ ஒரு க்ஷத்திரியனா?' என்று இகழ்ந்து விரட்டவில்லை. தேற்றினான், தைரியம் அளித்தான், 'போரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தேரை ஓட்டு' என்று கடிவாளத்தை அவன் கையில் கொடுத்தான். பயந்து ஓடியவனே அன்று அர்ஜுனனின் சாரதியானான்.

அதே அர்ஜுனன் பின்னர் குருக்ஷேத்திரத்தில் காண்டீபத்துடன் மகாவீரனாகவே நிற்கிறான். ஆனால் கை நடுங்குகிறது, வில் நழுவுகிறது. அப்போதுதான் பகவான் 'க்லைப்யம்', அதாவது பௌருஷமற்ற தன்மை, என்ற கடுமையான சொல்லைக் கூறுகிறார். பெண்ணாடை அணிந்திருந்தபோது அவனிடம் இல்லாத குறை, கவசம் அணிந்திருந்தபோது வந்துவிட்டது! அக்குறை உடலில் இல்லை. அதை இதயத்தின் பலவீனம் என்றே பகவான் குறிப்பிடுகிறார். கடிந்துகொண்டதோடு அவர் நிறுத்திவிடவும் இல்லை. தேர்த்தட்டில் இருந்தபடியே பதினெட்டு அத்தியாயங்கள் முடியும்வரை உடனிருந்து தேற்றினார்.

இன்றைய முயற்சி

பௌருஷத்தின் மற்றொரு பொருள் முயற்சி. யோகவாசிஷ்டத்தில் இளைஞனான ராமன் உலக வாழ்வில் வெறுப்புற்று, முகம் வாடி அமர்ந்திருக்கிறான். வசிஷ்டர் அவனைப் பழிக்கவில்லை, பௌருஷத்தை உபதேசிக்கிறார். விதி என்று நாம் அஞ்சுவது நேற்றைய நம் முயற்சியேயன்றி வேறில்லை. நேற்றைய முயற்சியும் இன்றைய முயற்சியும் இரண்டு ஆட்டுக்கடாக்களைப்போல் மோதுகின்றன. வலிமை மிக்கது வெல்லும். ஆகவே இன்றைய முயற்சியை வலுப்படுத்து என்பதே அவர் கூறும் வழி.

தமிழின் 'ஆண்மை'யும் இதையே சொல்கிறது. 'கேள்' என்பதிலிருந்து கேண்மை பிறந்ததுபோல, 'ஆள்' என்பதிலிருந்து ஆண்மை பிறக்கிறது. ஆளும் தன்மை என்பது பொருள். தாளாண்மை என்றால் முயற்சி. வேளாண்மை, மேலாண்மை ஆகிய சொற்களிலும் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. பிறன் மனைவியை நோக்காத மன உறுதியைத்தான் வள்ளுவர் பேராண்மை என்கிறார். பகைவனுக்கும் ஒரு துன்பம் நேர்ந்தால் உதவுவதை வீரத்தின் கூர்மையாகக் காண்கிறார். அப்படியானால் ஆளப்படவேண்டியது யார்? மனைவியோ மக்களோ அல்ல, நம் மனமே. கோபத்தில் கை ஓங்குகிறவன் அந்தக் கணத்தில் ஆள்பவன் அல்ல, கோபத்தால் ஆளப்படுகிறவன்.

உயர்த்திய கைகள்

அமரகோசம் பௌருஷத்திற்கு இன்னொரு பொருளையும் தருகிறது. ஒரு மனிதன் இரு கைகளையும் மேலே உயர்த்தி நின்றால் எட்டும் உயரத்திற்குப் பௌருஷம் என்று பெயர். அது ஓர் அளவு. இதில் ஓர் ஆழ்ந்த உண்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் கை எட்டும்வரை நாம் முயலவேண்டும். அதற்கு மேல் உள்ளது இறைவனின் அருள். முயற்சியின் எல்லையில் உயர்ந்து நிற்கும் கைகளே பிரார்த்தனை செய்யும் கைகளும் ஆகின்றன. நீரில் சுவையாகவும், சூரிய சந்திரர்களில் ஒளியாகவும் இருக்கும் தாமே மனிதர்களில் பௌருஷமாக இருப்பதாகப் பகவான் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறார். நம் முயற்சியும் அவருடையதே என்றால் கர்வத்திற்கு இடம் ஏது? அவரே உள்ளிருந்து முயல்கிறார் என்றால் மனத்தளர்ச்சிக்குத்தான் இடம் ஏது?

அன்று அந்தப் பையனை அருகில் அமர்த்திக்கொண்டு, "அழுவது குற்றமில்லை, அப்பா. அழுதபின் எழுந்து புத்தகத்தைத் திறக்கிறாயே, அதுதான் பௌருஷம்" என்றேன். தந்தையிடம், "நீங்கள் இகழ்ந்தது உங்கள் மகனை மட்டுமல்ல, அவனுள் உறையும் புருஷனையும்தான். அவன் கையில் ஒரு கடிவாளத்தைக் கொடுங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனின் தோளில் கை வைத்து, "வா, சாப்பிடப் போகலாம்" என்றார். சொன்ன சொல்லுக்கு வருந்தி, தாமாக முதலில் இறங்கி வந்தாரே, அன்று அங்கே நான் கண்ட பௌருஷம் அதுவே.

நம் ஒவ்வொருவருள்ளும் பள்ளிகொண்டிருக்கும் அப்பரம்புருஷன், நம் சொல்லிலும் செயலிலும் விழித்தெழுந்து நம்மை வழிநடத்துவானாக!