கண்டிப்பும் காவல் நிலையமும்

பதின்பருவப் பிள்ளை வீட்டின் சொல்லுக்குக் கட்டுப்படாதபோது, அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை அரசின் கையில் ஒப்படைப்பது பெற்றோருக்குத் தகுமா என்ற கேள்வி, குடும்பத்தின் அதிகாரம் எங்கே முடிந்து அரசின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்னும் நெடுங்கால விவாதத்தின் ஒரு கிளையாகும். பதின்பருவம் என்பது பொதுவாக 13 முதல் 19 வரையிலான வயதைக் குறித்தாலும், இந்தியச் சட்டம் 18 வயது நிறையாத ஒவ்வொருவரையும் குழந்தை என்றே கொள்வதால், 18 வயதுக்கு உட்பட்டோரே இங்குக் கருதப்படுகின்றனர்.

பெற்றோர் சட்டத்தை நாடுவதற்கான காரணங்களை இரண்டாகப் பிரித்துக் காணலாம். பிள்ளைக்கு நேரும் தீங்கையோ பிள்ளையால் பிறருக்கு நேரும் தீங்கையோ தடுப்பதற்காக நாடுவது ஒன்று. இதனைக் காப்பு நோக்கம் எனலாம். பிள்ளையை அச்சுறுத்திப் பணிய வைப்பதற்காக நாடுவது மற்றொன்று. இது கண்டிப்பு நோக்கம். இரண்டும் ஒரே காவல் நிலைய வாசலுக்குத்தான் கொண்டு செல்கின்றன என்பதால் பெற்றோருக்கே பல நேரங்களில் இவற்றின் வேறுபாடு தெரிவதில்லை. ஆயினும் முன்னது சில வேளைகளில் தவிர்க்க முடியாத கடமையாகவும், பின்னது ஏறக்குறைய எப்போதும் தீங்காகவும் முடிவதை வரலாறும் சட்டமும் ஒருசேரக் காட்டுகின்றன.

கண்டிப்பு நோக்கத்திற்கு அரசு முழுமனத்தோடு துணைநின்ற காலம் ஒன்று இருந்தது. பிரான்சில் மன்னராட்சி நிலவியபோது, வழக்கு விசாரணை ஏதுமின்றி ஒருவரைச் சிறைவைக்க மன்னரின் முத்திரையிட்ட ஆணைக் கடிதம் ஒன்றே போதும் என்றிருந்தது. அத்தகைய கடிதங்களில் பல, அரசியல் எதிரிகளை ஒடுக்குவதற்காக அல்லாமல், அடங்காத மகனையோ மகளையோ அடைத்து வைக்கும்படி குடும்பத்தார் செய்த வேண்டுகோளின் பேரில் பிறப்பிக்கப்பட்டவை. பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் பெரும் பேச்சாளராக விளங்கிய மிராபோ, இளமையில் தம் தந்தை பெற்ற இத்தகைய ஆணைகளால் மீண்டும் மீண்டும் சிறைப்பட்டவர்; அந்த அனுபவமே அவரை அம்முறைக்கு எதிராக நூல் எழுதவும் தூண்டியது. 1790-இல் புரட்சி அரசு இக்கடிதங்களை ஒழித்தபோதிலும், நெப்போலியனின் 1804-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத் தொகுப்பு தந்தையின் அதிகாரத்தை வேறொரு வடிவில் மீட்டுக் கொடுத்தது. அதன்படி, தந்தை விரும்பினால் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை ஒரு மாதம் வரையிலும், அதற்கு மேற்பட்ட பிள்ளையை நீதிமன்றத்தின் இசைவோடு ஆறு மாதம் வரையிலும் காவலில் வைக்கச் செய்யலாம். தந்தைவழித் திருத்தம் என்று பெயர்பெற்ற இந்தக் காவலைப் பிரான்சு 1935-இல்தான் கைவிட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், மசாசூசெட்ஸ் குடியேற்றம் 1646-இல் இயற்றிய சட்டம் இன்னும் கடுமையானது. 16 வயது கடந்த அடங்காத மகனைப் பெற்றோரே நடுவர் முன் நிறுத்தினால் அவனுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்று அது கூறியது. அச்சட்டத்தின்கீழ் எவரும் கொல்லப்பட்டதாகப் பதிவு இல்லை என்பதும் கருதத்தக்கது; சட்டம் அத்தனை பெரிய ஆயுதத்தைக் கையில் கொடுத்தபோதும் எந்தப் பெற்றோரும் அதை இறுதிவரை பயன்படுத்தத் துணியவில்லை. பிற்கால அமெரிக்கச் சட்டங்கள் மரணத்தை நீக்கினாலும், வீட்டைவிட்டு ஓடுதல், பள்ளிக்குச் செல்லாதிருத்தல், பெற்றோருக்கு அடங்காதிருத்தல் ஆகியவற்றுக்காகச் சிறாரை அடைத்துவைப்பதைத் தொடர்ந்தன. பெரியவர் செய்தால் குற்றமாகாத, வயது குறைவு என்பதனாலேயே குற்றமாகக் கொள்ளப்படும் இத்தகைய செயல்களை நிலைசார் குற்றங்கள் என்பர். இவற்றுக்காகச் சிறாரைப் பூட்டிய இடங்களில் வைக்கும் வழக்கத்தை மாநிலங்கள் கைவிட வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 1974-இல் இயற்றிய சிறார் நீதிச் சட்டம் வலியுறுத்தியது.

இந்தியாவும் இதே பாதையைச் சற்றுப் பின்தங்கிக் கடந்துவந்துள்ளது. 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், அடங்காத சிறார் என்ற தலைப்பிலேயே ஒரு பிரிவைக் கொண்டிருந்தது. தம் பிள்ளையைத் தம்மால் கட்டுப்படுத்த இயலவில்லை என்று பெற்றோர் முறையிட்டால், சிறார் நல வாரியம் விசாரித்து அப்பிள்ளையைக் கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பலாம் என்று 17-ஆம் பிரிவு கூறியது. கூர்நோக்கு இல்லம் என்பது விசாரணைக் காலத்தில் சிறாரைத் தங்கவைக்கும் இடமாகும். 2000-ஆம் ஆண்டின் சட்டத்தில் இத்தலைப்பு மறைந்து, பிள்ளையைக் கட்டுப்படுத்தத் தகுதியற்ற அல்லது இயலாத பெற்றோரைக் கொண்ட குழந்தைக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்ற பார்வை வந்தது. 2016 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டின் சட்டமோ கட்டுப்பாடு என்ற அளவுகோலையும் விட்டுவிட்டு, குழந்தையின் பாதுகாப்பையும் நலனையும் பேண இயலாத பெற்றோர் என்று மட்டுமே பேசுகிறது. ஆகவே, கீழ்ப்படியாமை என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையைத் தண்டிக்கும் அதிகாரம் இன்றைய இந்தியச் சட்டத்தில் எவருக்கும் இல்லை.

இந்த மாற்றத்தை அறியாத பெற்றோர் பலர், காவலர் ஒருவர் கூப்பிட்டு மிரட்டினால் பிள்ளை திருந்திவிடும் என்ற எதிர்பார்ப்போடு இன்றும் காவல் நிலையத்திற்குச் செல்கின்றனர். சட்டப்படி அங்கு நடக்கக்கூடியது வேறு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும். எந்தச் சிறாரையும் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. பிடிக்கப்பட்ட சிறாரை 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்ட இக்குழுமமே சிறார் செய்ததாகக் கூறப்படும் குற்றங்களைப் பொதுவாக விசாரிக்கும். கொடுங்குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்யப்பட்டதாக இல்லாத நிலையில், முதல் தகவல் அறிக்கை பதியாமல் காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் மட்டுமே பதிய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன. அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தொடங்கி, அதிகபட்சமாக மூன்றாண்டுகள் வரை சிறப்பு இல்லத்தில் வைத்தல் என்பதில் முடியும் ஆணைகளின் வரிசையில், நிறுவனத்தில் அடைத்தல் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று.

காவலரின் மிரட்டல் என்பது இவ்வாறு சட்டத்தில் இடமே இல்லாத ஒன்று. அதைக் கேட்டுப் பெறும் பெற்றோர் சட்டத்தை நாடவில்லை, சட்டத்திற்கு வெளியே உள்ள ஒரு பலத்தையே நாடுகின்றனர். மெய்யாகவே குற்றம் ஒன்றைக் கூறிப் புகார் கொடுத்தாலோ, அந்தக் கணமே அவர்கள் தம் பிள்ளையின் வாழ்வின்மீது கொண்டிருந்த முடிவெடுக்கும் உரிமையின் ஒரு பகுதியை இழக்கின்றனர். குற்றவியல் வழக்கில் வழக்குத் தொடுப்பது அரசு. புகார் கொடுத்தவர் சாட்சி மட்டுமே. இருதரப்பும் இணங்கினால் முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கும் குற்றங்கள் சிலவே. ஏனையவற்றில் தாயும் தந்தையும் மனம் மாறி அழுதாலும் வழக்கு தன் வழியே நடக்கும். கோபத்தில் சொன்ன சொல்லை மறுநாள் காலையில் பெற்றோர் திரும்பப் பெறலாம். பதிந்த புகாரை அவ்வாறு எளிதில் திரும்பப் பெற முடியாது.

அச்சம் திருத்தும் என்ற நம்பிக்கையும் சோதித்துப் பார்க்கப்பட்டதே. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ராவே சிறைக்குப் பதின்பருவத்தினரை அழைத்துச் சென்று, நீண்டகாலக் கைதிகளைக் கொண்டு அவர்களை மிரட்டச் செய்த திட்டம், 1978-இல் வெளிவந்த ஆவணப்படத்தால் நாடெங்கும் புகழ்பெற்றுப் பல இடங்களில் பின்பற்றப்பட்டது. இத்தகைய திட்டங்களில் பங்கேற்றோரையும் பங்கேற்காதோரையும் முறையாக ஒப்பிட்ட ஆய்வுகளை ஆந்தனி பெட்ரோசினோவும் அவருடன் பணியாற்றியோரும் தொகுத்து மதிப்பிட்டபோது, மிரட்டப்பட்ட பிள்ளைகளே பின்னர் அதிகமாகக் குற்றம் புரிந்தனர் என்ற முடிவு கிட்டியது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விளைவுகளை எடைபோட்டு உந்துதலை அடக்கும் மூளைப் பகுதி இருபது வயதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், பின்னர் வரக்கூடிய தண்டனையைவிட அருகிலிருக்கும் நண்பர்களின் மதிப்பே அவ்வயதினருக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. குற்றவாளி என்ற பெயரை ஒருமுறை சூட்டிவிட்டால் அதையே தன் அடையாளமாக ஏற்றுக்கொள்ளவும் அவ்வயது தயங்குவதில்லை.

பிள்ளையை நல்வழிப்படுத்துவதற்கென அமைந்த இடங்களும் எப்போதும் அவ்வாறு அமைவதில்லை. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்ததும், அது தொடர்பாக இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டதும், அதன்பின் இத்தகைய இல்லங்களை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்ததும் பெற்றோர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டியவை.

கண்டிப்பு நோக்கம் மிகத் தெளிவாக வெளிப்படுவது பெண்பிள்ளைகளின் காதல் தொடர்பான புகார்களில்தான். மகள் தன் விருப்பத்தின் பேரில் ஒருவனோடு சென்றுவிட்டால் அதைக் கடத்தல் என்று புகாரளிப்பது நெடுநாளைய வழக்கம். சென்னையிலிருந்து சென்ற அத்தகைய வழக்கு ஒன்றில், 18 வயதை எட்டவிருந்த, தன் செயலை நன்கு உணர்ந்த கல்லூரி மாணவி தானாக வீட்டைவிட்டு வந்தபோது உடன் சென்றவனைக் கடத்தியவன் எனக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1964-இலேயே தீர்ப்பளித்தது. பாலியல் வன்முறையிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்காக 2012-இல் போக்சோ சட்டம் வந்தபின், அந்த இன்றியமையாத சட்டமும் இதே நோக்கத்திற்குத் திருப்பப்படலாயிற்று. புகாரளித்த குடும்பமே வழக்கைத் தொடர விரும்பாத நிலையில் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பதின்பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று எடுத்துரைத்தார். எனினும், மகளைச் சுரண்டும் பெரியவன் ஒருவன் இருக்கும் இடத்தில் புகாரளிப்பதே பெற்றோரின் கடமை என்பதில் ஐயமில்லை. குடும்பப் பெருமையைக் காக்க வேண்டியோ சாதி மீறலைத் தடுக்க வேண்டியோ அதே சட்டத்தை எடுப்பதுதான் தவறு.

இவ்வளவையும் கூறியபின், பெற்றோரின் இயலாமையை எளிதாகக் கருதிவிடக் கூடாது. போதைப் பொருளுக்கு அடிமையாகித் தாயை அடிக்கும் மகன், தம்பி தங்கையரைத் துன்புறுத்தும் பிள்ளை, பெரியவர்களின் குற்றக் கும்பலுக்கு ஏவலாளாகிவிட்ட சிறுவன் ஆகியோர் உள்ள வீடுகளில் பொறுமையை உபதேசிப்பது இரக்கமற்ற செயல். அங்கே சட்டத்தை அழைப்பது துரோகமன்று. பிறருக்குப் பெருந்தீங்கு இழைத்த பிள்ளையை ஒளித்துவைப்பதே பாதிக்கப்பட்டவருக்கும், பொறுப்பேற்கக் கற்றிருக்க வேண்டிய அப்பிள்ளைக்கும் ஒருங்கே செய்யும் அநீதியாகும். அத்தகைய நேரத்திலும் பெற்றோர் பிள்ளைக்கு எதிரணியில் நிற்க வேண்டியதில்லை. குழுமத்தின் முன் உடன் நின்று, வழக்கறிஞரும் மருத்துவரும் ஆலோசகரும் கிடைக்கச் செய்வதே அவர்களின் பங்கு.

உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இல்லாத இடங்களில், காவல் நிலையத்திற்கு முன்பே தட்டக்கூடிய கதவுகள் பல உள்ளன. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண், மனநல ஆலோசனைக்கான 14416 என்னும் டெலிமானஸ் எண், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் ஆகியவற்றைப் பெற்றோரே நேரடியாக அணுகி உதவி கேட்கலாம். எந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்பும் பெற்றோர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதனால் ஒருவருடைய பாதுகாப்பு உறுதிப்படுமா, அல்லது தம் சொல் வென்றது என்ற நிறைவு மட்டுமே கிட்டுமா? பாதுகாப்புக்காக என்றால் தயங்காமல் சட்டத்தை அழைக்கட்டும். சொல் வெல்ல வேண்டும் என்பதற்காக என்றால் அழைக்க வேண்டாம். ஒரு பிள்ளையின் தீங்கைச் சட்டத்தால் தடுத்து நிறுத்த முடியும், அப்பிள்ளையை வளர்க்கும் பணியை அதனால் ஏற்க முடியாது.