பூஜ்யத்துக்குக் கீழே

ஐந்து பெரிதா, இரண்டு பெரிதா என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன் சிரிப்பான். மைனஸ் ஐந்து பெரிதா, மைனஸ் இரண்டு பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தலையைச் சொறிவான். அவனிடம் கடன் என்று சொன்னால் போதும், விளங்கிவிடும். ஐந்து ரூபாய் கடன்பட்டவனைவிட இரண்டு ரூபாய் கடன்பட்டவன் மேல். ஒன்றும் இல்லாமல், யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதும் இல்லாமல் இருக்கிறவன் இருவருக்கும் மேல்.

பிரம்மகுப்தரும் இப்படித்தான் விளக்கினார். கி.பி. 628-ல் எழுதிய நூலில் பூஜ்யத்துக்கு மேலே உள்ள எண்ணைத் தனம் என்றும், கீழே உள்ளதை ருணம் என்றும் சொன்னார்; அதாவது செல்வம், கடன். அதற்கு ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும், பூஜ்யத்துக்குக் கீழே எண் உண்டா என்று ஐரோப்பாவில் படித்தவர்கள் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தார்கள். கடன் வாங்கிய எவனுக்கும் அந்தச் சந்தேகம் வராது.

கணக்கு எளிது. மனிதர்களை அந்த வரிசையில் நிறுத்தும்போதுதான் சங்கடம்.

நாகூர்க் கடைத்தெருவில் இரண்டு வியாபாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கைமுதல் மூன்று லட்சம். வருஷ முடிவில் அது ஐந்து லட்சமாகிறது. மற்றவருக்கு ஐந்து லட்சம் கடன். அதே வருஷத்தில் அதை மூன்று லட்சமாகக் குறைக்கிறார். இருவரும் ஏறியது இரண்டு லட்சம்தான். முதல்வரைப் பார்த்து ஊர், "கை ராசிக்காரர்" என்கிறது. இரண்டாமவரைப் பார்த்து, "இன்னும் மூன்று லட்சம் பாக்கியாமே!" என்கிறது. மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் கிடக்க, ராத்திரிச் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு அவர் ஏறிய ஏற்றம் யார் கண்ணிலும் படுவதில்லை. இருட்டில் ஏறுகிற படிக்கு மட்டும் உயரம் குறைவா?

"கடனாளி எல்லாரும் யோக்கியர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. சீட்டாடித் தோற்றவனும் மைனஸ் மூன்றில் நிற்பான். பிள்ளையின் வைத்தியத்துக்கு வாங்கியவனும் அதே இடத்தில் நிற்பான். எண்ணுக்கு அவன் நிற்கும் இடம் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நமக்குக் கண் இருக்கிறது. நாமோ எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மனிதனை எடை போட்டுவிடுகிறோம்.

பூஜ்யத்துக்குக் கீழே இருப்பது பாழ் நிலமும் அல்ல. பூமியின் உயரத்தை அளக்கக் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்திருக்கிறோம். நாகூர் அந்தப் பூஜ்யத்தின் ஓரத்திலேயே இருக்கிற ஊர். மேற்குக் கரையில் குட்டநாட்டு வயல்கள் பல அதற்கும் கீழே இருக்கின்றன. வரப்பைப் பலமாகக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியே விட்டு அங்கே சாகுபடி செய்கிறார்கள். தஞ்சை ஜில்லா மிராசுதாருக்கு மேட்டில் விளைவது எதுவோ அதே நெல்தான் அங்கும் விளைகிறது. பாடு மட்டும் அதிகம்.

இந்தப் பாட்டை அறிந்து செய்த ஏற்பாடு ஒன்று இஸ்லாத்தில் உண்டு. ஜகாத் பெறத்தக்கவர்கள் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகளைச் சொன்னதோடு நிற்காமல், கடன்பட்டவர்களைத் தனியாகவும் சொல்கிறது. ஒன்றும் இல்லாதவன் வேறு. ஒன்றும் இல்லாததோடு, தரவும் வேண்டியிருக்கிறவன் வேறு. முன்னவனுக்குக் கொடுத்தால் அது அவன் கையில் தங்கும். பின்னவனுக்குக் கொடுத்தால் கையில் ஒரு காசும் தங்காமல் போகலாம். ஆனாலும் அவன் நிமிர்ந்து நடப்பான். அந்த நிமிர்வு எந்தப் பேரேட்டிலும் வரவாக ஏறுவதில்லை.

தமிழில் கடன் என்றால் வாங்கியதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டால் அது நேர்த்திக்கடன். நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களில் உயரமானது, 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தது. வேண்டுதல் பலித்ததற்காக அவர் அதைக் கட்டினார் என்று சொல்வார்கள். கடனைத் தீர்த்தவன் கணக்கில் மிஞ்சுவது பூஜ்யம்தான். நாகூரில் அந்தப் பூஜ்யம் 131 அடி உயரத்துக்கு நிற்கிறது.