சாவி யாரிடம்?

என் மருமான் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். போன வாரம் வந்தவன் என் புத்தக அலமாரியைப் பார்த்துச் சிரித்தான்.

"எதுக்கு மாமா இந்தத் தூசியெல்லாம்? மாசம் சந்தா கட்டினா படமோ, பாட்டோ, புத்தகமோ கேட்டப்போ வருது. சொந்தமா வச்சுக்கணும்னு ஏன் ஆசை?"

வேதாந்தியின் பேச்சுத்தான். எனக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் இவன் துறந்த பொருள் இன்னொருவர் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, சாவியும் அங்கேதான்.

சந்தா போகட்டும், அது வாடகை. விலை கொடுத்து வாங்கியது? 2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, வாசகர்கள் காசு கொடுத்துக் கிண்டில் கருவியில் வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல் பிரதிகளை, அவர்களைக் கேளாமலே அழித்துவிட்டது. விற்பனைக்கு வைத்தவருக்கு உரிமை இல்லாத பதிப்பாம். மாணவன் ஒருவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள், எந்த வரிக்கு உரியவை என்று தெரியாமல் அநாதைகளாயின.

"பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்களே, மாமா!"

கொடுத்தார்கள். தலைவர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் புத்தகக் கடைக்காரர் நடுநிசியில் என் வீட்டைத் திறந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போனால்? புத்தகம் போனதா என்னை உறுத்தும்? அவரிடம் என் வீட்டுச் சாவி இருந்ததே, அதல்லவா!

கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் உண்டு. பின்னால் பறிக்கக்கூடிய இத்தகைய சரக்கை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்பவர், கிடைப்பது வெறும் உபயோக அனுமதிதான் என்று தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்.

மருமான் பதில் பேசவில்லை. புறப்படும்போது அலமாரியிலிருந்து ஒரு நாவலை உருவிக்கொண்டான். "படிச்சிட்டுத் தரேன், மாமா."

முன்பு கொண்டுபோன இரண்டு இன்னும் வரவில்லை.