தாயம் விழாமல் ஏன் காய் இறக்கக் கூடாது?

தாயம் விழாமல் காயை இறக்கக் கூடாது என்று சொன்னது யார்? நான்கு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான்: “ஆட்டம் அப்படித்தான், பேசாம ஆடு.” பிள்ளை கேட்டதோ மெய்யியலின் பழைய கேள்விகளில் ஒன்று. விதி எங்கிருந்து வருகிறது? மேலிருந்து இறங்கியதா, ஆடுகிறவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டதா?

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இந்த விவகாரம் புதிதல்ல. பூந்தமல்லிக்கு வடகிழக்கே இருக்கும் திருவேற்காடு, அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனாரின் ஊர். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தைக் கரைத்தவர், பிறகு சூதாடி வென்ற பொருளில் அன்னமிட்டார். முதல் ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்து அடுத்தடுத்த ஆட்டங்களில் வெல்வாராம். தோற்றவன் ஒப்புக்கொள்ள மறுத்தால் சுரிகையை உருவிக் குத்திவிடுவார். இதைப் பாடிய சேக்கிழாரும் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்தான். மழலையர் வகுப்பில் சொல்லத்தக்க கதை அல்ல, ஒப்புக்கொள்ளலாம். என்றாலும் சூதையும் கத்தியையும் பொறுத்துக்கொண்ட அந்தக் கதை, ஆட்டவிதியை மறுத்தவனைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

விதியின் பிறப்பிடத்தைக் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. கோலி ஆடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, 1932இல் அதைப் புத்தகமாக்கினார். சின்னப் பிள்ளைகள் விதியைப் புனிதமாகக் கருதினார்கள்: அப்பா சொன்னது, பெரியவர்கள் வைத்தது, கடவுள் கொடுத்தது, மாற்றவே கூடாது. ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு விதி, கடைசியில் எல்லோருக்கும் வெற்றி! (வளர்ந்த பக்தர்களிடமும் இதைக் காணலாம்.) பத்து வயதைத் தாண்டியவர்களோ, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்றார்கள், வைத்துக்கொண்ட விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களும் அவர்களே.

அந்தப் பத்து வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. “சரி, இன்னிக்கு ரெண்டு விழுந்தாலும் இறக்கலாம்” என்று பாட்டி ஒருநாள் விதியைத் தளர்த்திப் பார்க்கட்டும். காய்கள் மளமளவென்று இறங்கும், காத்திருக்கும் பரபரப்பு குறையும். பழைய விதியே மேல் என்று பிள்ளை சொல்லலாம், புதியதே பிடித்திருக்கிறது என்றும் சொல்லலாம். எதுவானாலும், விதிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஏழு வயதுக்கு முன் தர்க்கம் முதிர்வதில்லை என்பதும் பியாஜேயின் முடிவு. இரண்டு வரிசையில் சமமாக வில்லைகளை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப்படுத்தி, “இப்போ எதுல ஜாஸ்தி?” என்று கேட்டால் குழந்தை நீண்ட வரிசையைக் காட்டும். 1970களில் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் இதில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது ஆய்வாளர் அல்ல, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை. நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் இப்போது சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது என்பது டொனால்ட்சனின் விளக்கம். அதை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் “பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்” என்பதைத் தாய்ப்பாலோடு புகட்டும் நம் ஊரில் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகும் பெற்றோர் பிள்ளையை விட்டுச் செல்லும் இடங்களில் இந்தப் பயிற்சித் தாளைப் பார்க்கலாம்: ஆப்பிள், மாம்பழம், வாழைப்பழம், கார், பொருந்தாததற்கு வட்டமிடு. காரைச் சுற்றினால் நட்சத்திரம். வாழைப்பழத்தைச் சுற்றிய பிள்ளைக்குத் தப்பு. “இதை மட்டும் கையாலேயே உரிக்கலாம்” என்று அது சொல்லக்கூடும். தர்க்கம் இருந்தது அந்த வாக்கியத்தில். தாளில் அதற்கு இடமில்லை.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில், தமிழ்நாட்டின் முன்பருவப் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். அதற்கு வேண்டிய சாமான் வீட்டிலேயே கிடைக்கும். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி “ஒத்தையா, ரெட்டையா?” என்று கேட்பது முதலில் வெறும் ஊகம். கொட்டைகளை ஜோடி ஜோடியாக அடுக்கி, மிஞ்சுவதைப் பார்த்ததும் ஊகத்துக்குச் சான்று கிடைக்கிறது. பல்லாங்குழியை முழுதாக ஆடக்கூட வேண்டாம். கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போட்டுப் பார்த்தால் போதும். (மூன்று வயதுக்குக் கீழே என்றால் கொட்டை வேண்டாம், மூக்குக்குள் போய்விடும்.)

சான்று கேட்கப் பழகிய பிள்ளை கோயிலுக்கும் வரும். திருவேற்காடு கருமாரியம்மன் சந்நிதியில், “அம்மன் சாப்பிட்டாங்கன்னா பொங்கல் ஏன் அப்படியே இருக்கு?” என்று உரக்கவே கேட்கும். நம் வீடுகளில் தயாராக வைத்திருக்கும் பதில், “சாமி கண்ணைக் குத்தும்.”

மரபு அவ்வளவு பயந்ததாகத் தெரியவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் காஞ்சியில், மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் முதலில் கற்பிப்பது தர்க்கம். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று விளக்குகிறார்: மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் கண்டது போல. பௌத்த தருமத்தின் விரிவு அதற்கு அடுத்த காதையில்தான். சைவத்திலும், மூன்று வயதுச் சம்பந்தரிடம் தந்தை கோலை ஓங்கிக்கொண்டு பால் தந்தது யார் என்று கேட்க, பிள்ளை கையை நீட்டி ஒவ்வொரு அடையாளமாகச் சொல்கிறது. அது ஞானம், தர்க்கமல்ல என்று பக்தர்கள் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பதிலைக் கேட்டபின் அந்தத் தந்தை அடிக்கவில்லை.

அம்மன் பார்த்தாலே சாப்பிட்டது மாதிரி என்கிறது ஒரு வீடு. கல் எப்படிச் சாப்பிடும் என்கிறது பெரியார் படம் மாட்டிய இன்னொரு வீடு. இரண்டுமே முடிவைத்தான் கையில் கொடுக்கின்றன. பகுத்தறிவு பேசும் வீட்டுக்கும் இதில் தனிச் சலுகை கிடையாது. “அப்படியே இருக்கு” என்ற ஏதுவைப் பிள்ளையே கொண்டுவந்திருக்கிறது. “சாப்பிட்டிருந்தா எப்படி இருக்கும்னு நினைக்கிற?” என்று கேட்டால் பேச்சு தொடரும்: கொஞ்சம் குறைஞ்சிருக்கும், வாயில ஒட்டியிருக்கும், ஒருவேளை வாசத்தை மட்டும் சாப்பிடுவாங்களோ. பிரசாத வரிசை நகரும் வேகத்தில் இதற்கு நேரம் தாராளமாகவே இருக்கிறது. பின்னால் நிற்கும் மாமி திரும்பி முறைக்கலாம். அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.