நீர்யானை நகரும்வரை

பாரிங்கோ ஏரியில் நான் எடுத்த ஒரு புகைப்படத்தைக் காட்டும்போதெல்லாம் என் மாணவிகள் "அழகா இருக்கு மேம்" என்கிறார்கள். பழுப்பு நீரின் நடுவே ஒரு நீர்யானையின் கண்களும் காதுகளும் மூக்கும். பின்னால், கரையோரம், மங்கலாக நான்கைந்து மஞ்சள் புள்ளிகள். அவை தண்ணீர்க் கேன்கள். அவற்றோடு நின்ற பெண்கள் படத்தில் சரியாக விழவில்லை. படம் எடுத்தபோது என் கண்ணிலும் விழவில்லை.

கென்யாவின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில், வறண்ட முள்காட்டு நிலத்துக்கு நடுவே கிடக்கிறது பாரிங்கோ. நைரோபியில் ஒரு கருத்தரங்கு முடிந்ததும், அங்கே ஆசிரியராக இருக்கும் தோழியுடன் நகுரு, மரிகாட் வழியாக வடக்கே போனேன். கரையிலுள்ள சிற்றூருக்குக் கம்பி யா சமாகி என்று பெயர். சுவாகிலியில் 'மீன் முகாம்' என்று பொருள். அந்தப் பள்ளத்தாக்கின் ஏரிகளில் பல உவர் ஏரிகள். பாரிங்கோ நன்னீர் ஏரி. அதிலிருந்து வெளியேறும் ஆறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நிலத்தடிப் பாறை வெடிப்புகள் வழியே நீர் கசிந்து போவதால் உப்புத் தங்குவதில்லை. நீர்யானையும் முதலையும் நூற்றுக்கணக்கான பறவையினங்களும் ஆடுமாடுகளும் மனிதர்களும் வந்து சேர்வது ஒரே கரைக்குத்தான்.

படகுக்காரர் ஒரு மீனுக்குள் தக்கை போன்ற குச்சியைச் செருகி, சீழ்க்கை அடித்து, நீரில் எறிந்தார். குச்சி இருப்பதால் மீன் மிதந்தது. மரத்திலிருந்து பாய்ந்து வந்த மீன்கழுகு அதைக் கவ்விக்கொண்டு போனது. கைதட்டினோம். பிறகு நீர்யானைகள் கிடந்த இடத்தில் இன்ஜினை நிறுத்தினார். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கரையேறியபோதுதான் கேன்களோடு நின்ற பெண்களைப் பார்த்தேன். அந்த நீர்யானை நகர்வதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதைத் தோழி சிரித்தபடி எனக்குச் சொன்னாள்: "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் காசு கொடுத்து வந்தார்? இது கண்ணில் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டல்லவா நாங்கள் தண்ணீருக்கு வருகிறோம்!" நானும் சிரித்தேன். அவர் அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஊரில் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டுமா?"

"இல்லை" என்றேன்.

வகுப்பறையில் ஆண் பார்வை பற்றி நிறையப் பேசுகிறவள் நான். பேருந்து நிறுத்தத்திலும் மேடையிலும் பார்க்கப்படும் உடலாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படகில் நான் பார்க்கும் கண்ணாக இருந்தேன். பார்ப்பவருக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாது. அவருக்குத் தெரிவது காட்சி மட்டும்தான். பெண் என்பதாலேயே என் பார்வை குற்றமற்றதாகிவிடுமா?

சில ஆண்டுகளாகவே ஏரி பெருகிக்கொண்டிருந்தது. வீடுகளும் பள்ளிகளும் மேய்ச்சல் நிலங்களும் மூழ்கி, ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். கிழக்குக் கரையில் ஒட்டகச்சிவிங்கிகள் இருந்த நிலமுனையும் தீவாகிவிட்டது. 2020 டிசம்பர் தொடங்கி 2021 ஏப்ரல்வரை ஒன்பது ஒட்டகச்சிவிங்கிகளை மிதவையில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். உலகமே பார்த்தது அந்த மிதவையைத்தான். மூழ்கிய வீடுகளை அத்தனை பேர் பார்க்கவில்லை.

உடனே, 'மிருகத்துக்கு ஒரு நியாயம், மனிதருக்கு ஒரு நியாயமா?' என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காப்பகம், தமக்குள் மோதிக்கொண்டிருந்த இல்சாமுஸ், போகோட் மக்கள் சேர்ந்து உருவாக்கியது. 2011இல் ஒட்டகச்சிவிங்கிகள் அங்கே திரும்பி வந்தபோது அவை அவர்களுடைய சமாதானத்தின் அடையாளமாகவும் இருந்தன. ஒட்டகச்சிவிங்கியா, தண்ணீர் எடுக்க வரும் பெண்ணா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வதும் தூரத்திலிருந்து பார்க்கிறவரின் கேள்விதான். கரையில் நின்றவர்கள் நீர்யானையைக் கொல்லச் சொல்லவில்லை. அது நகரட்டும் என்று நின்றார்கள்.

திரும்பும் வழியெங்கும் சீமைக்கருவேலம். அங்கே அதற்கு மதெங்கே என்று பெயர். 1980களில் விறகுக்காகவும் நிலம் பாலையாகாமல் தடுக்கவும் நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. 2006இல் மக்கள் அரசின்மீது வழக்குப் போட்டார்கள். அதன் இனிப்புக் காயைத் தின்று பல்லிழந்த ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள்.

ராமநாதபுரத்துக்காரிக்கு அந்த மரத்தைத் தெரியாமல் இருக்குமா? ஜன்னலுக்கு வெளியே அது ஓடிக்கொண்டே இருக்க, எங்கள் ஊர் ஊருணி நினைவுக்கு வந்தது. அதன் கரையிலும் கருவேலம்தான். அம்மாவோடு நானும் குடத்தை எடுத்துக்கொண்டு நேராகப் படியிறங்குவேன். மேலே, மரத்தடியில், சில பெண்கள் காலிக் குடங்களோடு நிற்பார்கள். நாங்கள் எடுத்து முடிக்கும்வரை அவர்கள் இறங்கக்கூடாது. அவர்கள் தெருவே வேறு. ஊருணியைப் பற்றி மூன்று கவிதைகள் எழுதியிருக்கிறேன். அல்லி இருக்கிறது, நிலா இருக்கிறது, அம்மாவின் ஈரச்சேலை இருக்கிறது. அந்தப் பெண்கள் ஒரு வரியிலும் இல்லை.

பாரிங்கோவில் நான் சொன்ன "இல்லை" என்னளவில் உண்மை. நான் காத்திருந்ததில்லை. நீர்யானைக்குத் தன்னால் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது, அதன்மேல் குற்றமில்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பார்க்காமல் இருப்பது இதற்குத் தீர்வல்ல. அந்த ஏரி அழகுதான். வாய்த்தால் மறுபடியும் போவேன். ஆனால் அழகான ஒன்றின் முன் நிற்கும்போது, நான் இங்கே நிற்பதால் யார் அங்கே காத்திருக்கிறார் என்று கேட்டாக வேண்டும். இரக்கப்படுவதற்காக அல்ல. நகர வேண்டியது நானாகவும் இருக்கலாம்.

இப்போது அந்தப் படத்தை வகுப்பில் காட்டும்போது, நீர்யானையை விட்டுவிட்டு மஞ்சள் புள்ளிகளிலிருந்து எழுதத் தொடங்கச் சொல்கிறேன். நானும் ஊருணியைப் பற்றி நான்காவது கவிதையை எழுதிப் பார்க்கிறேன். மரத்தடியில் நின்றவர்களின் பெயர்கள் வேண்டியிருக்கின்றன. அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.