சித்தத்தின் கன அளவு

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிறீனின் முயற்சியால் தமிழுக்கு வந்தது. அன்று அறுத்துப் பார்த்த மூளையை இன்று அறுக்காமலே அளக்கிறார்கள். எம்ஆர்ஐ படத்தை ஃப்ரீசர்ஃபர் போன்ற மென்பொருளிடம் கொடுத்தால், மூளையின் மேலுறைக்குக் கீழே புதைந்துள்ள தலாமஸ், அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் ஒவ்வொன்றின் கன அளவையும் சொல்லிவிடும். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பக்கத்துக்கு மூன்று, நான்கு கன சென்ரிமீற்றர்தான். அல்சைமர் நோயில் அது சுருங்குகிறது. அப்படியானால் நினைக்கிற 'நான்' இந்தச் சதைத்துண்டுதானா?

எண்ணைக் குறைசொல்லி இந்தக் கேள்வியிலிருந்து தப்புவோர் உண்டு. எண்ணில் ஆட்டம் இருப்பது உண்மைதான். படத்தில் எல்லைக்கோடு கிடையாது; நிபுணர் கையால் எல்லை வரைந்த மாதிரிப் படங்களைக் கொண்டு, எந்தப் புள்ளி எந்த உறுப்பைச் சேரும் என்று மென்பொருள் கணிக்கிறது. ஒரே படங்களை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டியபோது கன அளவு சராசரியாக 8.8 வீதம் மாறியதை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது அளவுகோலின் குறை. அதில் ஆன்மாவை ஒளித்துவைத்தால், திருத்தமான அடுத்த பதிப்பு வந்ததும் வேறிடம் தேட வேண்டியிருக்கும்.

சைவ சித்தாந்தத்துக்கு அந்த ஒளிவு தேவையில்லை. உடலிலிருந்து ஆன்மாவைப் பிரிப்பதோடு மெய்கண்டார் நிற்கவில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்களும் ஆன்மா அல்ல என்கிறார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில். அமைச்சரோடு கூடிய அரசன்போல ஆன்மா அவற்றோடு கூடி நிற்கிறது. அவை மாயையின் காரியம், சடம். சித்தம் சூக்குமம், ஹிப்போகாம்பஸ் தூலம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். நினைவு கருவியைச் சார்ந்தது என்பதுதான் இங்கே முக்கியம். வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலைசனின் இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் கணிசமான பகுதியை வெட்டி எடுத்தபின், புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் தம் ஞாபகம் கெட்டிருப்பதை அவர் அறிந்திருந்தார். 'இல்லை' என்று அறிகிற ஒன்று உண்டு என்பதே மூன்றாம் சூத்திரத்தின் முதல் வாதம்.

அந்த அறிதலும் மூளையின் வேறொரு பகுதியின் வேலைதான் என்று சடவாதி சொல்வார். சொல்லலாம், மொலைசனைக் காட்டி அவரை வீழ்த்த முடியாது. கன அளவைக் காட்டி அவராலும் சித்தாந்தியை வீழ்த்த முடியாது. எந்த அளவாலும் பொய்ப்பிக்க முடியாத கொள்கை வெறுங்கொள்கைதானே என்ற அடுத்த கேள்வி கடினமானது. அது அளவையால், அதாவது பிரமாணத்தால், நிற்கும் தத்துவம், ஆய்வுகூடக் கருதுகோள் அல்ல என்பதே நேர்மையான பதில். அந்தப் பதிலுக்கு ஒரு விலையும் உண்டு. தியானத்தால் ஹிப்போகாம்பஸ் பெருக்கிறது, ஆகவே நம் சமயம் விஞ்ஞானத்தால் நிரூபணமானது என்று கோயில் மண்டபத்தில் பிரசங்கம் செய்யும் உரிமையைச் சித்தாந்தி அப்போதே இழந்துவிடுகிறார்.